யாரும் சாகாத ஒரு படம்

மாமனாருக்குக் குடல் இறங்கியிருந்தது. இருமினால் அடிவயிற்றில் ஒரு பக்கம் எலுமிச்சம்பழம் மாதிரிப் புடைக்கும். படுத்தால் ஒன்றும் தெரியாதவன்போல உள்ளே போய்விடும். பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் அதை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, சின்ன ஆபரேஷன்தான், ஆனால் தள்ளிப்போடாதீர்கள், குடல் அந்த ஓட்டையில் மாட்டி முறுக்கிக்கொண்டால் அப்புறம் நான் சின்னது என்று சொல்ல மாட்டேன் என்றார். நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம். மாமனாரும் ஆட்டினார். வெளியே வந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் ஏறி உட்கார்ந்ததும் கேட்டார்:

“சினிமால சின்ன ஆபரேஷன்னு ஒண்ணு பாத்துருக்கீங்களா மாப்ள?”

யோசித்துப் பார்த்தேன். பார்த்ததில்லை. பார்த்ததில்லை என்பதை முகத்தில் வேறு காட்டித் தொலைத்தேன். அதற்கப்புறம் மாதக்கணக்கில் எங்கள் வீடு பட்ட பாடு இருக்கிறதே.

மனிதர் பயந்தாங்கொள்ளி இல்லை, அதுதான் எரிச்சல். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்து, பாலைவனத்திலும் காட்டிலும் துப்பாக்கி தூக்கி, பென்ஷனோடு புதுச்சேரிக்குத் திரும்பி வந்தவர். காதோரம் குண்டு போன கதையை பஸ்ஸைத் தவறவிட்ட கதைபோலத்தான் சொல்வார். அப்படிப்பட்டவருக்கு ஒரு கதவு மட்டும் ஆகாது. மேலே சிவப்பு பல்பு எரிகிற கதவு. அதற்குள் ஸ்ட்ரெச்சரில் போனவன் வெளியே வருவதில்லை. டாக்டர்தான் வருவார். முகமூடியை இறக்குவார், கண்ணாடியைக் கழற்றுவார், ஹீரோவின் தோளில் கை வைப்பார். அந்தக் கை தோளை நோக்கிப் போகும்போதே என் மாமியாரின் முந்தானை வாய்க்குப் போயிருக்கும்.

அவர்கள் கீழே, நாங்கள் மாடியில். வாரம் முழுக்க புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் ஸ்டோர்ஸில் கிரீஸ் வாசனையோடு கிடந்துவிட்டு, சனிக்கிழமை சாயங்காலம் நாலு வரி எழுதலாம் என்று மாடியில் உட்கார்ந்தால், கீழேயிருந்து படிக்கட்டு வழியாக ஒரு தாய் அழுதுகொண்டே ஏறி வருவாள். அவள் பின்னால் வயலின்கள். என் வரி பாதியில் நிற்கும். கடற்காற்று என்று எழுதியிருப்பேன், அதற்கடுத்த சொல் மகனே என்று வந்து விழும்.

அது விசிடி காலம். ஒரு படத்துக்கு இரண்டு டிஸ்க். இடைவேளை வரைக்கும் ஒன்று, அதற்குமேல் இன்னொன்று. மற்ற வீடுகளில் ஒரே மூச்சில் பார்த்து முடிப்பார்கள். எங்கள் வீட்டு வழக்கம் வேறு. முதல் டிஸ்க் சனிக்கிழமை சாயங்காலம். இரண்டாவது, ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை கண்டு, கறிக்குழம்பு சாப்பிட்டு, ஜன்னல் கதவைச் சாத்திய பிறகு. யார் ஆரம்பித்து வைத்த வழக்கமோ தெரியாது. இடைவேளை ஒரு ராத்திரி நீளம் இருக்கும். கர்ப்பிணியை வீட்டை விட்டு விரட்டிய இடத்தில் டிஸ்க் முடிந்தால், அந்தப் பெண் ராத்திரி முழுக்க எங்கள் வீட்டில்தான் நின்றுகொண்டிருப்பாள். மாமியார் படுக்கப்போகும் முன் சொல்லுகிற செபமாலையில் அவளுக்காகவும் ஒரு பத்து மணி உருட்டுவார். அந்தப் படத்தை அவர் ஏற்கெனவே எத்தனையோ தடவை பார்த்திருப்பார். நல்லபடியாகப் பிள்ளை பிறக்கும் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தாலும் வேண்டிக்கொள்வார். கேட்டால், நாம வேண்டிக்கறதை நிறுத்திட்டா என்னா ஆவுமோ யாரு கண்டா என்பார்.

இந்த வீட்டில் ஒரு மனிதரை ஆபரேஷனுக்குச் சம்மதிக்க வைக்க வேண்டும்.

யோசனை என் மனைவியுடையது. அப்பா மனசில் அந்தக் கதவுதானே நிற்கிறது, அந்தக் கதவே இல்லாத படமாகக் கொஞ்ச நாள் போடுவோம், பயம் கழன்றுவிடும் என்றாள். அல்லது ஆபரேஷன் நடந்து ஆள் பிழைக்கிற படமாக இருந்தால் இன்னும் நல்லது. சொன்னது அவள், அலைந்தது நான். முத்தியால்பேட்டையில் ஒரு சந்துக்குள் விசிடி வாடகைக் கடை. வைத்திருந்த அம்மா கவுண்டருக்குப் பின்னால் பூ கட்டிக்கொண்டே வியாபாரம் பார்ப்பவர். ஆஸ்பத்திரியில் யாரும் சாகாத படம் வேண்டும் என்றேன். நூலைப் பல்லில் கடித்தபடி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“சண்டைப் படமா, காமெடியா?”

“எதுவா இருந்தாலும் செரி. சாவக் கூடாது.”

“சாவாம எப்டி சார்? அப்பறம் ஜனங்க எதுக்குக் குந்தினு பாக்கும்?”

காமெடிப் படம் ஒன்று கொடுத்தார். சிரிப்பு சிரிப்பு என்று அட்டையிலேயே போட்டிருந்தது. முதல் டிஸ்க்கில் சிரித்தோம். மாமனாரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது அவருக்கு. ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது டிஸ்க். காமெடியனின் தங்கைக்கு இருமல் வந்தது. என் மனைவி என்னைப் பார்த்தாள். கைக்குட்டையில் ரத்தம். அடுத்த காட்சியில் பல்பு எரிந்தது.

பேய்ப் படம் எடுத்து வந்தேன். பேய்க்கு ஆஸ்பத்திரியில் என்ன வேலை? வேலை இருந்தது. பிரசவத்தில் டாக்டர் கைவிட்டதால் செத்துப்போன தாய்தான் பேய். பிள்ளையைத் தேடித்தான் அத்தனை கதவையும் ஆட்டினாளாம். போலீஸ் படம் எடுத்து வந்தேன். இன்ஸ்பெக்டரின் அம்மா. கறுப்பு வெள்ளைக்குப் போனால் தப்பிக்கலாம் என்று, என் அப்பா காலத்துப் படம் ஒன்றைக் கொண்டுவந்தேன். அதில் பல்பு சிவப்பு என்று தெரியாது, அவ்வளவுதான் வித்தியாசம். பிரான்சில் இருக்கிற மைத்துனன் எப்போதோ அனுப்பிய பிரெஞ்சுப் படங்கள் அலமாரியில் தூசி படிந்து கிடந்தன. கடைசி முயற்சியாக அதில் ஒன்றைப் போட்டோம். மாமனார்தான் எங்களுக்கு அர்த்தம் சொல்லிக்கொண்டிருந்தார். பாதியில் சொல்வதை நிறுத்தினார்.

“இவங்க அழ மாட்டாங்க. ஜன்னல் வழியா பாத்துக்கினே இருப்பாங்க. ஆனா ஆளு பூட்டான், பாத்துக்குங்க.”

எனக்கு இந்த அழுகைச் சமாச்சாரத்தின்மேலேயே கோபம் வந்தது. கத்தியைக் கொடு, துப்பாக்கியைக் கொடு, பேயைக் கொடு, வாழைப்பழத் தோலில் வழுக்கி விழுகிறவனைக் கொடு, அது அத்தனைக்குள்ளும் புகுந்து நடுவீட்டில் உட்கார்ந்துவிடுகிறது. காலம் மாறுகிறது, காலரின் அகலம் மாறுகிறது, பின்னணி இசை தபேலாவிலிருந்து பெட்டிக்குள் இருக்கிற ஏதோ பொத்தானுக்கு மாறுகிறது. ஒரு வராந்தா, ஒரு பெஞ்சு, அதில் ஒருவருக்காகக் காத்திருக்கிற சிலர். அதை மட்டும் யாரும் மாற்றுவதில்லை. பொய் என்று தெரியும். அந்த ரத்தம் குங்குமத் தண்ணீர் என்று தெரியும். தெரிந்துகொண்டே கதவோரம் நின்று பார்க்கிற நானும், அந்தக் கை தோளுக்குப் போகிற நொடியில், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வேன். எழுதுகிறவன் நான். நான் எழுதினதைப் படித்து எங்கள் தெருவில் ஒரு நாய்கூட நிமிர்ந்து பார்த்ததில்லை. இந்தக் குங்குமத் தண்ணீருக்கு மட்டும் வீடே அழுகிறது.

இதற்கிடையில் எலுமிச்சை வளர்ந்துகொண்டிருந்தது. மாமனார் ஒரு பெல்ட் வாங்கிக் கட்டிக்கொண்டார். அதைக் கட்டிக்கொண்டு காலையில் கடற்கரைக்கு நடக்கப் போய்ப் பாதியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஒருநாள் அப்படி நின்றபோது முகத்தில் வேர்வை ஊற்ற, யாரோ ரிக்‌ஷாவில் ஏற்றி அனுப்பிவைத்தார்கள். அன்று குடல் தானாகவே உள்ளே போய்விட்டது. அடுத்த தடவை போகாவிட்டால் என்று டாக்டர் எங்களிடம் சொன்னதை நாங்கள் அவரிடம் சொன்னோம். அவர் டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.

கடைசியில் கடைக்கார அம்மாவே தேடிக் கண்டுபிடித்துக் கொடுத்தார். ஆபரேஷன் நடக்கும், ஆள் பிழைக்கும், எல்லோரும் கோயிலுக்குப் போவார்கள். வெற்றியோடு கொண்டுவந்து போட்டேன். டாக்டர் சிரித்துக்கொண்டே கதவைத் திறந்து வந்தார், ஆபத்தில்லை என்றார். என் மனைவி கை தட்டாத குறை. மாமனார் கொட்டாவி விட்டார்.

“இது ஒரு படமா மாப்ள? ஒண்ணுமே ஆவலியே.”

எனக்குப் பொறுமை போய்விட்டது. செத்தால் பயம், பிழைத்தால் கொட்டாவி, உங்களுக்கு என்னதான் மாமா வேண்டும் என்று கேட்டுவிட்டேன். மாமனாரிடம் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. மாமியார் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். மாமனார் கோபப்படவில்லை. ரிமோட்டைத் தொடையில் தட்டிக்கொண்டே இருந்தவர் சொன்னார்:

“சாவுறதுக்கா பயப்படறேன்னு நெனச்சீங்க? அதெல்லாம் எப்பவோ பாத்தாச்சி. படத்துல ஒருத்தன உள்ள தள்ளிக்கினு போவும்போது கூடவே ஓடியாறாங்க பாருங்க, ரெண்டு பக்கமும் கம்பியப் புடிச்சிக்கினு. எனக்கு எவன் ஓடியாருவான்?”

நான் வருவேன் என்று வாயெடுத்தேன். நல்லவேளை, மூடிக்கொண்டேன். அவர் கேட்டது என்னை இல்லை.

மைத்துனன் பாரீஸுக்குப் பக்கத்தில் ஏதோ ஊரில் இருந்தான். அங்கேயே கல்யாணம், அங்கேயே பிள்ளைகள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் வரும், அவன் நேரில் வரத்தான் வருடங்கள் தவறிப்போயின. குடலிறக்கம் என்று சொன்னதும், பப்பா, இங்கே அதற்கெல்லாம் காலையில் போய் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடுவார்கள், நீங்கள் ஏன் இவ்வளவு யோசிக்கிறீர்கள் என்றானாம். ஆறுதலாகத்தான் சொன்னான். ஒரு மனிதனின் வயிற்றைக் கிழிப்பதைக் காய்கறி வாங்கப் போவதுபோலச் சொன்னால் அது என்ன ஆறுதல்? அன்றைக்கு மாமனார் போனை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். எனக்கு அப்போது உறைக்கவில்லை.

இதற்குமேல் நடந்ததற்கு யாரைக் குறை சொல்வது என்று இன்றுவரை தெரியவில்லை.

கூட ஓட ஆளில்லாவிட்டாலும் மாதா கோயில் சாமியாராவது வரட்டும் என்று மாமனார் முடிவு செய்தார். ஆபரேஷன் ஒருவேளை நடந்தால், அதற்கு முன்னால் தனக்கு அவஸ்தை பூச வேண்டும் என்றார். அந்தக் காலத்தில் அவஸ்தை பூசுதல் என்றால் சாகக் கிடக்கிறவனுக்குக் கடைசியாகக் கொடுக்கிற எண்ணெய். சாமியார் அந்த எண்ணெயோடு தெருவில் திரும்பினாலே பக்கத்து வீட்டில் அழ ஆரம்பித்துவிடுவார்கள். இப்போது அப்படி இல்லை. எங்கள் பங்குச் சாமியார் இளைஞர், இதை நோயில் பூசுதல் என்றுதான் சொல்வது, ஆபரேஷனுக்குப் போகிற யாருக்கும் கொடுக்கலாம் என்று சந்தோஷமாக ஸ்கூட்டரில் வந்தார். நெற்றியிலும் உள்ளங்கையிலும் பூசினார், காபி குடித்தார், போனார். அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. இரண்டாவது டிஸ்க் அப்போதுதான் முடிந்திருந்தது. படத்தில் தகப்பன் செத்து, மகன் தாமதமாக வந்து சேர்ந்திருந்தான். மாமியார் இன்னும் அழுகையில் இருந்தார். அந்த நேரம் பார்த்து மைத்துனனின் போன் வந்தது, மாமியார்தான் எடுத்தார்.

அவர் சொன்னது ஒரே வாக்கியம்.

“அப்பாக்கு அவஸ்தை பூசியாச்சிடா.”

மேற்கொண்டு பேச முடியாமல் விம்மிக்கொண்டு ரிசீவரை வைத்தார். சரியாகவும் வைக்கவில்லை. அது ராத்திரி முழுக்கத் தாங்கியில் சாய்ந்தபடி கிடந்தது. அங்கே அவன் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறான், எங்கேஜ்டு, எங்கேஜ்டு.

அந்த வாரமே ஒரு மத்தியானம், சென்னை டாக்ஸி ஒன்று வாசலில் வந்து நின்றது. சவரம் செய்யாத முகத்தோடு மைத்துனன் இறங்கினான். காலாப்பட்டு தாண்டியதிலிருந்து டிரைவரை விரட்டிக்கொண்டே வந்திருக்கிறான் என்று டிரைவர் பிற்பாடு என்னிடம் புகார் சொன்னார். நான் அன்று லீவு. கதவைத் திறந்தது நான்தான். என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினான்.

மாமனார் பெல்ட்டைத் தளர்த்திவிட்டுக்கொண்டு, மடியில் தட்டோடு, கருவாட்டுக் குழம்பும் சோறும் பிசைந்துகொண்டிருந்தார். டிவியில் பேய் கதவை ஆட்டிக்கொண்டிருந்தது.

“பப்பா,” என்றான் மைத்துனன்.

மாமனார் நிமிர்ந்து பார்த்தார். எந்தப் படத்தையும் அவர் நடுவில் நிறுத்தினதே இல்லை, கரெண்டு போனால்தான் உண்டு. சோற்றுக் கையைத் தட்டுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, இடது கையால் தடவி ரிமோட்டைத் தேடி எடுத்து, பேயை அப்படியே நிறுத்தினார்.

“சாப்ட்டியாடா?”

அதற்கப்புறம் நடந்தது சினிமா இல்லை, சண்டை. அவன் அம்மாவைப் பார்த்துக் கத்தினான். பிரெஞ்சில் பாதி, தமிழில் பாதி. பிள்ளைகளோடு கடலுக்குப் போக வைத்திருந்த லீவையெல்லாம் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன், விமானத்தில் ஒரு பொட்டு தூங்கவில்லை, இவர் கருவாடு தின்கிறார் என்றான். மாமியார், நான் பொய்யா சொன்னேன், பூசினாங்க, சாமியாரைக் கேளு என்று தன் பங்குக்கு அழுதார். என் மனைவி தம்பியை அதட்டினாள். என்னையும் விடவில்லை, நீங்களாவது ஒரு போன் போட்டிருக்கக் கூடாதா மாமா என்று என்மேல் பாய்ந்தான். ரிசீவர் சாய்ந்து கிடந்ததற்கு நான் என்ன செய்வேன்? மாமனார் மட்டும் நிதானமாக மோர் ஊற்றிச் சாப்பிட்டு முடித்தார்.

சாயங்காலம் அவன் பெட்டியைப் பிரித்து அடுக்கும்போது என் மனைவி ஒரு கறுப்பு சூட்டை எடுத்தாள். மடிப்புக் கலையாமல், பிளாஸ்டிக் உறையோடு. எல்லோருக்கும் புரிந்தது அது எதற்காக என்று. மைத்துனன் அதைப் பிடுங்கி மறைக்கப் பார்த்தான். மாமனார் கையை நீட்டினார். வாங்கி, இரண்டு விரலுக்கு நடுவில் துணியைத் தேய்த்துப் பார்த்தார்.

“நல்ல துணி,” என்றார். திருப்பிக் கொடுத்தார். “செரி, நாளைக்கே போயி சேத்துடுங்க.”

அவ்வளவுதான். எத்தனை டிஸ்க், எத்தனை சந்து, எத்தனை டாக்டர் பேச்சு. கடைசியில் ஒரு சாவுச் சட்டை பார்த்ததும் மனிதர் கிளம்பிவிட்டார். எனக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம்போல இருந்தது.

ஆஸ்பத்திரியில் எதுவும் அவர் பார்த்த மாதிரி நடக்கவில்லை. ஸ்ட்ரெச்சர் வரவில்லை, தாத்தா நல்லாத்தானே இருக்கீங்க, நடந்தே வாங்க என்றார் ஊழியர். அந்த நேரத்தில் மைத்துனன் கீழே மருந்துக் கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தான். மாமியார் பாத்ரூமுக்குப் போயிருந்தார், என் மனைவி துணைக்கு. நான் அவருடைய கண்ணாடியையும் பல்செட்டையும் ஒரு டப்பாவில் வைத்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். பச்சை அங்கியில் முதுகுப் பக்கம் கட்டு அவிழ்ந்து தொங்க, அவர் வராந்தாவை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பார்த்தார். இப்ப வந்துடுவாங்க மாமா என்றேன். பல்லில்லாத வாயால் ஏதோ சொன்னார், எனக்குப் புரியவில்லை. கதவு திறந்து மூடியது. அதற்கு மேலே பல்பு இல்லை. காலணிகளைக் கழற்றவும் என்று ஒரு பலகை இருந்தது.

மருந்துப் பையோடு மூச்சிரைக்க ஓடி வந்த மைத்துனன், போயிட்டாரா என்றான். போய்விட்டார் என்றேன். பையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தவன், ஊர் மாறி வந்த களைப்பில் சாய்ந்து தூங்கிப்போனான். வாயைப் பிளந்துகொண்டு, குறட்டையோடு. மாமியார் செபமாலை உருட்டினார். என் மனைவி, அறைக்கான சீட்டு விஷயமாக ஒரு நர்ஸோடு வாக்குவாதத்தில் இருந்தாள். நான் கேண்டீனில் இரண்டு வடை தின்றேன். டாக்டர் வெளியே வந்தபோது அவர் கை யார் தோளுக்கும் போகவில்லை. முடிஞ்சிடுச்சு, நல்லா இருக்கார் என்று நடந்துகொண்டே சொல்லிவிட்டுப் போனார். மைத்துனன் அப்போதும் எழுந்திருக்கவில்லை. உலுக்கி எழுப்பினோம்.

மாமனாருக்கு மயக்கம் தெளிந்தபோது வார்டில் ஒருவர்தான் இருக்கலாம் என்றார்கள். மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். தண்ணீர் கொடுக்கக் கூடாது, உதட்டை நனைக்கலாம் என்றார் நர்ஸ். பஞ்சால் நனைத்தேன். பல்லை மாட்டிவிட்டேன். மேலே ஃபேனைப் பார்த்தபடியே கேட்டார்:

“வெளில இன்னா நடந்துது?”

“ஒண்ணும் நடக்கல மாமா. நல்லபடியா முடிஞ்சிது.”

“அது எனக்குத் தெரியுதே. வெளில இன்னா நடந்துதுன்னு கேட்டேன்.”

கண்ணாடி இல்லாத கண்கள் என் பக்கம் திரும்பி, என் முகம் எங்கே இருக்கிறது என்று தேடின. குறட்டை, வடை, சீட்டுச் சண்டை. என்னிடம் இருந்தது அவ்வளவுதான். இத்தனை மாதம் எந்தச் சரக்கைத் திட்டிக்கொண்டு திரிந்தேனோ, அது என் நாக்கில் வந்து உட்கார்ந்தது.

“உங்க பையன் உக்காரவே இல்ல.”

“எங்க நின்னான்?”

“கதவாண்ட.”

“எதுனா சொன்னானா?”

“வாய்க்குள்ளயே இன்னாவோ சொன்னான். எனக்கு சரியா கேக்கல.”

“கேக்கலன்னா கிட்டப் போயி நிக்கறதுதானே,” என்று சலித்துக்கொண்டார். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு, தலையணையில் தலையைச் சரியாகப் பொருத்திக்கொண்டார். “மொதல்லேர்ந்து சொல்லுங்க மாப்ள. அவசரப்படாம சொல்லுங்க.”

நான் ஸ்டூலைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.